யாருக்கும் அடிக்காத தீய்ந்த வாடை

சளிக்காய்ச்சலுக்குப் பிறகு மூன்று மாதமாகப் பால் தீய்ந்த வாடை அடிக்கிறது, வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மனப்பிரமை என்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள், சகோதரி. 2021இல் கொரோனா வந்துபோன பின் நானும் நள்ளிரவில் எழுந்துபோய் அடுப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சில்லென்று கிடக்கும், வாடை மட்டும் போகாது.

மூக்கின் உச்சியில் இருக்கும் நுகர்வுத் திசுவை வைரஸ் கெடுத்துவிட்டால், எதையும் முகராமலேயே மூளைக்குத் தப்பான சேதி போகலாம். வாடை வரும்போது மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி அடைத்துப் பாருங்கள். ஒரு துளையை அடைத்ததும் நின்றுவிட்டால் கோளாறு பெரும்பாலும் மூக்கில்தான். எனக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவியது இதமாக இருந்தது. காய்ச்சி ஆறவைத்த நீர்தான். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

மூன்று மாதம் ஆகிவிட்டதால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வாடை சில நொடிகள் வந்து, கூடவே நினைவு தடுமாறினால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். சிலவகை வலிப்பு அப்படித்தான் தொடங்கும்.

சமையல் எரிவாயு வாடையை மட்டும் பிரமை என்று விட்டுவிடாதீர்கள். சுவிட்சைத் தொடாமல், இன்னொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.