ஒரே கலரில் சே

கேள்வி: புரட்சிக்காரர் சே குவேரா, பிரேசில் கார் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா போல இளம் வயதில் இறந்தவர்களை மக்கள் ஏன் சாமி மாதிரிக் கொண்டாடுகிறார்கள்?

"சின்ன வயதில் செத்துப்போனார்கள், அதனால்தான்" என்று சொல்பவர்களிடம், ரோலண்ட் ராட்சன்பெர்கரைத் தெரியுமா என்று கேட்பேன். பெரும்பாலும் தெரியாது என்பார்கள். அவரைப் பற்றி அப்புறம் வருகிறேன். முதலில் சே. ஏனென்றால் அவர் முகத்தை அச்சடித்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

திருப்பூரில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் ஆறு வருடம் இருந்தேன். சே பனியன் ஆர்டர் வந்தால் எல்லோருக்கும் குஷி. சிவப்புத் துணி, கருப்பு பேஸ்ட், ஒரே ஃபிரேம். முகத்தில் பாதி இருட்டு, பாதி வெளிச்சம், நடுவில் வேறு சாயலே கிடையாது. கலருக்குக் கலர் செட்டிங் பார்க்க வேண்டாம், நேற்று வந்த பையன்கூட அடித்துவிடுவான். சென்னாவின் ஹெல்மெட் ஒரே ஒரு முறை வந்தது. மஞ்சள், பச்சை, நீலம், மூன்று ஃபிரேம். கோடு கோட்டோடு உட்காராமல் எங்கள் உயிரை வாங்கிவிட்டது.

சே படத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1960 மார்ச் 5 அன்று, ஹவானாவில் கப்பல் வெடிவிபத்தில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் ஆல்பெர்ட்டோ கோர்டா எடுத்தது. மூலப் படத்தில் ஒரு பக்கம் இன்னொருவரின் முகம், மறுபக்கம் ஒரு மர இலை. இரண்டையும் கோர்டா வெட்டிவிட்டார். அவர் வேலை பார்த்த பத்திரிகை அந்தக் கூட்டத்தின் செய்தியில் இந்தப் படத்தைப் போடவில்லை. ஏழு வருடம் அவர் வீட்டுச் சுவரில்தான் தொங்கியது. 1967-இல் சே கொல்லப்பட்ட பிறகு இத்தாலியில் போஸ்டராக வந்தது, அடுத்த வருடம் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதைச் சிவப்பு கருப்பாக வரைந்தார். அதற்கப்புறம் அதை யார்தான் அச்சடிக்கவில்லை!

ஒரு முறை கேரளத்துக் கடைக்காரர் ஒருவருக்கு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பியில் இருக்கும் நட்சத்திரம் துணியின் சிவப்பிலேயே விட்டுப்போக வேண்டிய இடம். ஃபிரேமில் அங்கே கோட்டிங் பெயர்ந்து கருப்பு பேஸ்ட் இறங்கிவிட்டது. அறுபது பனியன் அடித்த பிறகுதான் நான் பார்த்தேன். "மூஞ்சி நல்லா வந்திருக்குதுல்ல தம்பி, நட்சத்திரத்தை எவன் பார்க்கப்போறான்" என்றார் மாஸ்டர். கடைக்காரர் முதல் பனியனை விரித்ததுமே பார்த்துவிட்டார். "இது சே இல்லை, யாரோ தாடிக்காரன்" என்று அறுபதையும் தள்ளிவைத்துவிட்டுப் போனார். எனக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தக் கோபத்தில்தான் இந்த ஆளைப் பற்றிப் படிக்கவே ஆரம்பித்தேன்.

படித்ததில் இன்றுவரை என்னை விடாமல் இருப்பது வாயேகிராண்டே என்ற பொலிவிய ஊரில் நடந்தது. புரட்சிக்கு ஆள் திரட்டப் பொலிவியாவுக்குப் போயிருந்தார் சே. 1967 அக்டோபர் 9 அன்று அங்கே லா இகேரா என்ற குக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. உடலை ஹெலிகாப்டரில் கட்டி வாயேகிராண்டேவுக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் கொட்டகையில் சிமெண்டுத் தொட்டிமேல் கிடத்தினார்கள். ஆள் செத்துவிட்டான் என்று உலகம் நம்ப வேண்டும், அதற்காகக் கழுவித் துடைத்து நிருபர்களையும் ஊர்க்காரர்களையும் வரவழைத்தது ராணுவம். கண் திறந்தபடியே இருந்தது. வரிசையில் வந்த பெண்கள் ஏசுவைப் போலவே இருக்கிறாரே என்று முணுமுணுத்தார்கள். சிலர் தலைமுடியைக் கத்தரித்து எடுத்துப்போய் வைத்துக்கொண்டார்கள். செத்ததற்குச் சாட்சி காட்டப்போய், ராணுவமே ஒரு சாமியைச் செய்து கொடுத்துவிட்டது.

இத்தனைக்கும் அவர் உயிரோடு இருந்தபோது அந்தப் பக்கத்து விவசாயிகள் யாரும் அவரோடு சேரவில்லை. அவருடைய பொலிவிய நாட்குறிப்பில் மாதத்துக்கு மாதம் இதே புலம்பல்தான். இன்று அதே வட்டாரத்தில் 'சான் எர்னஸ்டோ' (புனித எர்னஸ்டோ, எர்னஸ்டோ என்பது சேவின் இயற்பெயர்) என்று மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு வந்தவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஆள் கேட்டான், சோறு கேட்டான். செத்தவன் எதுவும் கேட்பதில்லை, இவர்கள் கேட்பதைக் கேட்டுக்கொள்கிறான். அதே நாளில் அதே பள்ளிக்கூடத்தில் வில்லி என்ற பொலிவியச் சுரங்கத் தொழிலாளியையும் சுட்டார்கள். சொந்த நாட்டுக்காரர். அவர் முகத்தைக் கேட்டு எங்கள் பட்டறைக்கு ஒரு ஆர்டரும் வந்ததில்லை.

சரி, ராட்சன்பெர்கர். 1994 ஏப்ரல் 30, இத்தாலியில் இமோலா பந்தய மைதானம். ஆஸ்திரியாக்காரர், வயது 33, அதுவரை ஃபார்முலா ஒன்னில் ஓடியது ஒரே ஒரு பந்தயம். தகுதிச் சுற்றில் மோதி இறந்தார். மறுநாள் மே 1, அதே மைதானத்தில் டாம்பரெல்லோ வளைவில் சென்னா சுவரில் மோதி இறந்தார். வயது 34. ஒரு வயதுகூட வித்தியாசமில்லை, ஒரே இடம், ஒரு நாள் முன்னே பின்னே. சென்னாவின் காருக்குள் மடித்து வைத்த ஆஸ்திரியக் கொடி ஒன்று இருந்தது. ஜெயித்தால் ராட்சன்பெர்கருக்காக அசைக்க எடுத்துப்போனதாம். அதையும் நாம் சென்னாவின் கதையில்தான் சேர்த்துக்கொள்கிறோம்.

பிரேசில் மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. உடலை விமானத்தில் சரக்கோடு ஏற்றாமல் பயணிகள் பகுதியிலேயே வைத்துக் கொண்டுவந்தார்கள். சாவ் பாவ்லோ தெருக்களில் லட்சக்கணக்கில் கூட்டம். அந்த நாடு அப்போது இருந்த நிலைமையையும் சொல்ல வேண்டும். 1993-இல் மட்டும் விலைவாசி 20 மடங்குக்கு மேல் ஏறியது. அதற்கு முந்தைய வருடம்தான் ஊழல் புகாரில் ஒரு ஜனாதிபதி பதவி இழந்திருந்தார். கால்பந்து உலகக் கோப்பையை ஜெயித்து 24 வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போட்டால் ஒரு ஆள் பிரேசில் கொடியோடு ஜெயித்துக் காட்டினார், அவ்வளவுதான் அவர்களுக்கு இருந்தது. 1991-இல் சொந்த ஊர்ப் பந்தயத்தில் கியர் ஆறிலேயே சிக்கிக்கொள்ள, அப்படியே ஓட்டி முடித்தார். கோப்பையைத் தூக்கக்கூடக் கையில் தெம்பில்லை. அந்த மக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர் இறந்த இரண்டரை மாதத்தில் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணி, மைதானத்திலேயே அவர் பெயரில் பேனர் பிடித்தது.

ஆகவே என் பதில் இதுதான்: சாவு சீக்கிரம் வந்தால் மட்டும் போதாது. அந்த ஆளிடம் தங்களுக்கு ஒரு வேலை இருப்பதாக மக்கள் நினைக்க வேண்டும். நினைத்துவிட்டால், அந்த வேலைக்கு உதவாததையெல்லாம் கோர்டா மர இலையை வெட்டியதுபோல வெட்டிவிடுவார்கள். 1990-இல் ஜப்பானின் சுசுகா பந்தயத்தில் சென்னா வேண்டுமென்றே போட்டியாளர் புரோஸ்ட்டின் காரில் இடித்துப் பட்டம் வாங்கினார், அடுத்த வருடம் அதை அவரே ஒப்புக்கொண்டார். புரட்சி ஜெயித்த பிறகு ஹவானாவின் லா கபான்யா கோட்டையில் சேவின் பொறுப்பில் நிறைவேறிய மரண தண்டனைகளும் பனியனில் ஏறுவதில்லை. நான் சென்னா ரசிகன்தான், எனக்கும் சுசுகா பேச்சு வந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். இருவரும் எழுபது வயது வரை இருந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தால் இந்தச் சமாச்சாரங்களை இவ்வளவு லேசாக மறைக்க முடிந்திருக்காது. இளமைச் சாவு செய்யும் உதவி அந்த அளவுக்குத்தான்.

அந்த அறுபது பனியனையும் முதலாளி காதர்பேட்டையில் செகண்ட்ஸ் விலைக்குத் தள்ளிவிட்டார். சில மாதம் கழித்து ஒரு டீக்கடையில் லோடு இறக்க வந்த பெரியவர் ஒருவர் அதைப் போட்டிருந்தார். தொப்பியில் நட்சத்திரம் இல்லை, என் கைவேலைதான். "யாருங்கய்யா இது?" என்று கேட்டேன். குனிந்து ஒரு தடவை பார்த்தார். "தெரியலீங்க தம்பி. ஆனா துணி கெட்டி. ரெண்டு வருசம் தாங்குமுங்க" என்றார்.