வாரக் கணக்கும் வருஷக் கணக்கும்

கே: சென்ற இதழில் ஜாஸ், ப்ளூஸ் என்ற அமெரிக்க இசை வகைகளுக்கு நான்கு பக்கம் கொடுத்திருந்தீர்கள். அமெரிக்காவிலேயே விற்பனைப் பட்டியலில் எடுபடாத பாட்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற எங்களுக்கு எதற்கு?
– வாசகர், மார்த்தாண்டம்

ப: எடுபடவில்லை என்பதே தவறு. 1964-ல் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் பாட்டுகள் அடுத்தடுத்து 14 வாரம், பில்போர்டு என்ற அமெரிக்கப் பத்திரிகை வாராவாரம் போடும் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தன. மே மாதம் அவர்களை இறக்கியவர் லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற 62 வயது ஜாஸ் கலைஞர். 1994-ல் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் பழைய ப்ளூஸ் பாட்டுகளை மட்டுமே பாடி வெளியிட்ட ஆல்பம் முதலிடம் பிடித்தது. 2014-ல் டோனி பென்னட், லேடி காகா இருவரும் சேர்ந்து பாடிய ஜாஸ் ஆல்பம் வந்த வாரமே முதலிடம். பென்னட்டுக்கு அப்போது வயது 88.

இப்படி நடப்பது அபூர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். ஒரு வாரத்துக் கணக்கை. அதுவும் 1991 வரை கடைக்காரர்களிடம் விசாரித்து, அவர்கள் சொன்னதை வைத்தே பில்போர்டு ஆல்பம் பட்டியல் போட்டது. அந்த வருஷம் மே மாதத்திலிருந்துதான் கல்லாவில் பதிவான விற்பனையை எண்ணினார்கள்.

பாடகி நோரா ஜோன்ஸின் முதல் ஆல்பம் 2002 பிப்ரவரியில் வந்தது. பட்டியலில் நுழைந்த இடம் 139. முதலிடத்துக்கு வந்தது 2003 ஜனவரியில். (சிலர் அதை ஜாஸ் என்றே ஏற்பதில்லை; அந்தச் சண்டை தனி.) ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-ல் இரண்டே நாளில் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இன்று அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிக்கான விற்பனைச் சான்று பெற்றிருக்கிறது. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936, 37-ல் 29 பாட்டுகள் பதிவு செய்துவிட்டு 27 வயதில் இறந்தவர். 1990-ல் அவர் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இறந்து 52 வருஷம் கழித்து! இதை எந்த வாரக் கணக்கில் அடைப்பீர்கள்?

'எங்களுக்கு எதற்கு' என்று கேட்டதுதான் எனக்கு வருத்தம். போன வருஷம் நாகர்கோவில் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். இரவு இரண்டு மணி இருக்கும். பாடிய அம்மாவின் இரண்டு கையிலும் வில்லைத் தட்டும் வீசுகோல். அது நாணில் விழும்போதெல்லாம் வில்லில் கட்டிய மணிகள் மொத்தமாகக் குலுங்கின. அவர் ஒரு வரியைப் பாடி நிறுத்துவதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பிப் பாடினார்கள். ஓர் இடத்தில் அந்த அம்மா குரலை இறக்கினார். குடம் அடிப்பவரும் கையைத் தளர்த்தினார். யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை.

ப்ளூஸிலும் பாடகர் ஒரு வரியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார். இடைவெளியில் கிடார் பேசும். பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்கள் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடிய பழக்கம் அது. வில்லுப்பாட்டு ப்ளூஸிலிருந்து வரவில்லை, ப்ளூஸ் வில்லுப்பாட்டிலிருந்தும் வரவில்லை. ஆனாலும் கொடை பார்த்து வளர்ந்த காதுக்கு ப்ளூஸ் அந்நியமாக இருக்காது. ஒரு ராத்திரி கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

நம் வில்லுப்பாட்டும் எந்த விற்பனைப் பட்டியலிலும் ஏறியதில்லை. அதற்காக அதை விட்டுவிடச் சொல்வீர்களா? அடுத்த இதழில் வில்லுப்பாட்டுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். ஜாஸ், ப்ளூஸ் பக்கங்களையும் குறைக்கப்போவதில்லை.