குமிழி நின்றால் நொதித்தல் முடிந்துவிட்டதா?

சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “முதன்முறையாக வீட்டில் 10 லிட்டர் பீர் தயாரித்தேன். வாளியைப் படுக்கையறையில் வைத்திருந்தேன். இரவில் அங்கே குளிரூட்டி ஓடும். ஏழாம் நாள் குமிழி வருவது நின்றது. தொகுப்புடன் வந்த தாளில் இருந்தபடி 330 மில்லி போத்தலுக்கு ஒரு சர்க்கரை வில்லை போட்டு மூடி, சேமிப்பறையாகப் பயன்படுத்தும் பாம் ஷெல்ட்டரில் (வீட்டுக்குள் இருக்கும் வெடிகுண்டுப் புகலிட அறை) அடுக்கினேன். ஒன்பதாம் நாள் இரண்டு போத்தல்கள் வெடித்தன. ஒன்றைத் திறந்தபோது பாதிக்குமேல் நுரையாகப் பீறிட்டது. இன்னும் 25 இருக்கின்றன. தீபாவளிக்கு மறுபடியும் தயாரிக்க ஆசை. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் போதுமா, ஐயா?”

தீபாவளி இருக்கட்டும், முதலில் அந்த 25 போத்தல்களைப் பார்ப்போம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு போத்தலையும் கனமான துவாலையில் சுற்றி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைபெட்டியில் வைக்கக்கூடாது. இரண்டு நாள் நன்றாகக் குளிர்ந்த பிறகு, துவாலைக்குள் வைத்தபடியே மூடியை மெல்லத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். குளிரில் வாயு பீருக்குள் அடங்கும், சர்க்கரையைத் தின்று வாயுவை விடும் ஈஸ்டும் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அதுவரை ஒன்றைக்கூடத் திறந்து பார்க்க வேண்டாம். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் தடிமனாகப் பொதிந்து கட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். அதை அள்ளுகிறவருக்கும் கை இருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் போதாது. போத்தலுக்குள் வாயு உண்டாவதற்காகப் போடும் அந்த வில்லை கொஞ்சம் அதிகம்தான், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் நல்ல பீர் போத்தலை உடைக்கிற அளவுக்கு அது அதிகமில்லை. நொதித்தல் முடிவதற்கு முன்பே மூடிவிட்டதுதான் காரணம்.

இரவில் அறை குளிரும்போது இரண்டு காரியம் நடக்கிறது. குளிர்ந்த பீர் வாயுவைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் குமிழி குறைகிறது. ஈஸ்டும் வேகம் குறைந்து அடியில் படியத் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் முடிந்ததுபோல் தோன்றும். மூடி சரியாகப் பொருந்தாத வாளியில் வாயு வேறு வழியாகப் போய்விடும், அப்போதும் குமிழி வராது. பிறகு நீங்கள் அந்தப் பீரை காற்றோட்டமில்லாத சேமிப்பறையில், 30 பாகை வெப்பத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். தூங்கிய ஈஸ்ட் விழித்து, பீரில் மீதமிருந்த மால்ட் சர்க்கரையை நீங்கள் போட்ட சர்க்கரையோடு சேர்த்துத் தின்றது. இம்முறை வாயு வெளியேற வழியில்லை.

நொதித்தல் முடிந்ததா என்பதை ஹைட்ரோமீட்டர் மட்டுமே சொல்லும். பீரில் மிதக்கவிட்டு எண்ணைப் பார்க்கும் சிறு கண்ணாடிக் குழாய் அது. அந்த எண் பீரின் அடர்த்தி, சர்க்கரை தீரத் தீர அது இறங்கும். இன்று ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் போத்தலைத் தொடலாம். 1.010 வரை இறங்கவேண்டிய பீரை 1.014-இல் மூடினால், வேறுபாடு அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த நான்கு புள்ளிகள் (0.004) ஒவ்வொரு லிட்டர் பீரிலும் ஏறத்தாழ 2 லிட்டர் வாயுவைக் கூடுதலாக உண்டாக்கும். வழக்கமான பீரில் மொத்தமே லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயுதான் இருக்கும். அளவெடுக்கும்வரை குளிரூட்டியை ஓடவிட்டு நிறுத்தி விளையாடாமல், வாளியை ஒரே வெப்பநிலையில் வையுங்கள்.

இந்த ஹைட்ரோமீட்டர் உங்கள் தொகுப்பில் இருந்ததா? இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். என்னிடம் இதே கதையோடு வருகிறவர்களில் பலருக்கும் அது கிடைத்திருக்கவில்லை. வாளியும் மால்ட் (முளைகட்டிய தானியச் சாறு) டின்னும் கவர்ச்சியான பெட்டியும் கொடுக்கிறார்கள். ஆபத்தைத் தடுக்கிற ஒரே கருவியைத் தனியாக விற்கிறார்கள், அல்லது ‘புதியவர்களுக்குத் தேவையில்லை’ என்கிறார்கள். ‘7 நாள்’ என்று தாளில் அச்சடிக்கிறார்கள். ஈஸ்ட் நாட்காட்டி பார்த்து வேலை செய்வதில்லை. சட்டத்தின் பார்வையும் வேறு பக்கம் இருக்கிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், சொந்த வீட்டில் தயாரிக்க வேண்டும், குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டரைத் தாண்டக்கூடாது, விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கக்கூடாது. எல்லாம் சரி, மதித்து நடங்கள். ஆனால் அந்த 30 லிட்டர் எந்தப் போத்தலில், எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வரிக்காக லிட்டரை எண்ணுகிற சுங்கத்துறையினர், தொகுப்போடு ஹைட்ரோமீட்டரும் ஓர் எச்சரிக்கைத் தாளும் கொடுக்கும்படி விற்பவரைப் பணித்தால் என்ன? எத்தனை ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

வில்லைக்கு வருகிறேன். சந்தையில் கிடைக்கும் வில்லைகள் பெரும்பாலும் 3 கிராம் எடை. 375 மில்லி போத்தலுக்கு ஒன்று என்பது கணக்கு. அதையே 330 மில்லியில் போட்டால் லிட்டருக்கு 9 கிராம் ஆகிவிடும். 500 மில்லியில் போட்டால் 6 கிராம்தான். ஒரே வில்லை எல்லாப் போத்தலுக்கும் பொருந்தும் என்று விற்பவர் உங்கள் வசதியைச் சொல்லித் தன் சரக்கைத் தள்ளுகிறார். ‘போத்தலுக்கான விசேஷச் சர்க்கரை’ என்று சிறு பொட்டலத்தில் பல மடங்கு விலைக்கு வருவதும் குளுக்கோஸ்தான். நம் சமையலறை வெள்ளைச் சர்க்கரை அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயுவைத் தரும். நம் வீட்டு வெப்பத்தில் நொதித்த பீரில் ஏற்கெனவே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வாயு கரைந்திருக்கும். ஆகவே மொத்தம் இரண்டேகால் லிட்டரை ஒட்டி வர, லிட்டருக்கு 6 கிராம், உங்கள் 10 லிட்டருக்கு 60 கிராம். கரண்டியால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, சுத்தமான இன்னொரு வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியாகச் சலசலப்பின்றி இறக்குங்கள். மெதுவாக ஒருமுறை கலக்குங்கள். கலக்காமல் விட்டால் ஒரு போத்தல் சப்பென்று இருக்கும், அடுத்தது பீறிடும்.

இந்தக் கணக்குக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்களும் உண்டு, சொல்லாமல் விட முடியாது. பீர் தெளிவதற்காகச் சிலர் வாளியைச் சில நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள். பிறகு எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்று சொல்லும் இணையக் கணக்கியில் வெப்பநிலை கேட்கும் இடத்தில் 4 பாகை என்று போடுவார்கள். பீரில் ஒன்றரை லிட்டர் வாயு ஏற்கெனவே இருப்பதாக அது எண்ணிக்கொண்டு, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் சொல்லும். ஆனால் பீர் 30 பாகையில் இருந்தபோதே அந்த வாயு வெளியே போய்விட்டது. பெட்டியில் வைத்ததால் திரும்பி வராது. நொதித்தல் முடிந்தபின் பீர் தொட்ட மிக அதிக வெப்பநிலையைத்தான் போடவேண்டும். குளிரிலேயே நொதித்து, ஒருபோதும் வெதுவெதுப்பைக் காணாத பீருக்கு மட்டும் குளிர்ந்த எண் பொருந்தும். நொதித்தலுக்காகவே தனிக் குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்பவரின் சங்கதி அது, உங்களுடையது அல்ல.

போத்தலில் சிக்கனம் பார்க்காதீர்கள். திருகு மூடிப் போத்தல், அலங்காரத்துக்கு விற்கும் சதுரப் போத்தல், பழைய சாமான் வாங்குகிற கராங் குனியிடம் கலந்துகட்டி வாங்கியது எதுவும் வேண்டாம். கழுத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விடுங்கள். கூடவே சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைச் சுத்தப்படுத்தி, அதே பீரை நிரப்பி மற்றவற்றோடு வையுங்கள். தினமும் அதை அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகிய அன்று எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடலாம்.

தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஐந்து வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்: நொதிக்க இரண்டு வாரம், அளவெடுக்கச் சில நாள், போத்தலில் இரண்டு வாரம், குளிரில் மூன்று நாள். ‘மிச்சத்தை நான் விற்றுத் தருகிறேன்’ என்று யாராவது வந்தால், வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சுங்கத்துறை கதவைத் தட்டும்போது அவர் உங்களோடு நிற்கமாட்டார்.