மூன்று அங்குலம், எட்டுத் துளி

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு முடித்த என் மகள் ஓர் ஆங்கில நாவலை மூன்றே நாளில் படித்துவிட்டு, ‘அம்மா, நீயும் படியேன்’ என்று கையில் கொடுத்தாள். சீனத் தொன்மத்தை வைத்துப் பதின்வயதினருக்காக எழுதப்பட்ட ஃபேன்டஸி. ஒரு நதியின் டிராகன் அரசனைச் சொர்க்கம் தலைவெட்டிக் கொல்கிறது. பழிவாங்க அவன் மகள் மாறுவேடத்தில் சொர்க்கத்துக்குப் போகிறாள். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. நூறு பக்கம் தாண்டியதும் மூன்று போட்டிகள், ஓர் இளவரசன், ஒரு முரட்டுத் தளபதி, நடுவில் இவள். இதே கதையை நாலைந்து தடவை படித்த மாதிரி இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன். சீனக் கதைகள் தெரியாததால் எனக்கு ஒட்டவில்லையா, வயதாகிவிட்டதா? மகளிடம் பிடிக்கவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ச.

அன்புள்ள ச.,

அந்த நாவலை நானும் படித்தேன், கடைசிப் பக்கம் வரை. எனக்கும் ஏமாற்றம்தான். உங்கள் வயது காரணமில்லை. சீனக் கதைகள் தெரிந்திருந்தால் இன்னும் அதிகமாக வருத்தப்பட்டிருப்பீர்கள்.

நாயகியின் அப்பா நாவலாசிரியரின் கற்பனை இல்லை. 16ஆம் நூற்றாண்டின் ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீன நாவலில் வருபவன், ஜிங் நதியின் டிராகன் அரசன். சாங்ஆன் நகரத்தில் ஒரு ஜோசியர் தினமும் ஒரு மீனவனுக்கு எங்கே வலை போட்டால் மீன் விழும் என்று சொல்லிக் கொடுக்கிறார். தன் ஆற்றில் மீனே மிஞ்சாது என்று பயந்து, டிராகன் அரசன் வெள்ளை உடுத்திய படிப்பாளி வேடத்தில் அவரைப் பார்க்கப் போகிறான். ‘நாளைக்கு மழை உண்டா?’ என்று கேட்கிறான். எப்போது மேகம் கூடும், எப்போது இடி இடிக்கும், எப்போது மழை தொடங்கும், எப்போது நிற்கும் என்று எல்லாம் சொல்லிவிட்டு, 3 அடி 3 அங்குலம் 48 துளி என்று அளவும் சொல்கிறார் ஜோசியர். 50 வெள்ளி பந்தயம். மழைக்கு அதிகாரி நான், எனக்குத் தெரியாமல் என்ன மழை என்று அரசன் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறான். பின்னாலேயே சொர்க்கத்திலிருந்து தாக்கீது வருகிறது. அதே நேரம், அதே அளவு, ஒரு துளி கூட மாறவில்லை.

பந்தயத்தில் தோற்க அவனுக்கு மனமில்லை. எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் தள்ளிவைத்து, மழையில் 3 அங்குலமும் 8 துளியும் குறைத்துப் பெய்விக்கிறான். மழை விட்டதும் ஜோசியர் கடைக்குப் போய்ப் பலகையையும் மைக்கல்லையும் உடைக்கிறான். அவர் அசையாமல் உட்கார்ந்து, ‘ஆணையை மீறியவன் நீ, உன் தலை நாளைக்கு விழும்’ என்கிறார். வெட்டப்போகிறவர் வெய் ஜெங், சீனாவை ஆண்ட டாங் வம்சப் பேரரசரின் அமைச்சர், உயிருள்ள மனிதர். டிராகன் பேரரசரின் கனவில் வந்து கெஞ்சுகிறான். பேரரசரும் அமைச்சரை அரண்மனையை விட்டு நகரவிடாமல் காய் விளையாட உட்கார வைக்கிறார். அமைச்சர் ஆட்டத்தின் நடுவே கண்ணயர்கிறார். அந்தத் தூக்கத்தில் போய் வெட்டிவிட்டு வருகிறார். மேகத்திலிருந்து ரத்தம் சொட்ட ஒரு தலை விழுகிறது.

இந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது அந்த எட்டுத் துளிதான் என்னைத் தூங்கவிடவில்லை. எட்டுத் துளிக்கு ஒரு தலை. இது நியாயமா? அவன் செய்தது குற்றமா, அற்பமா? கெட்டவன் என்று கைகாட்ட அதில் ஒருவருமே இல்லை. அப்படிப்பட்ட அப்பாவுக்கு ஒரு மகள் இருந்து, யாரைப் பழிவாங்குவது என்று தெரியாமல் நிற்கிறாள் என்றால் எப்பேர்ப்பட்ட நாவல் அது! நாம் படித்த நாவலில் ஒரு பொறாமை பிடித்த மந்திரி சதி செய்து அப்பாவைக் கொன்றுவிடுகிறான், அவ்வளவுதான். மழை? நாயகி மாடத்தில் நின்று அழுகிறாள், ஒரு மாகாணமே நனைகிறது. துளித்துளியாக எண்ணி அனுப்பப்பட்ட மழை ஒரு பெண்ணின் மனநிலையாகிவிட்டது. புத்தகம் என் கையை விட்டுப் போனது அந்த இடத்தில்தான்.

சீனச் சொர்க்கம் ஓர் அரசாங்கம். அங்கே பதவி, தரம், முத்திரை, தாக்கீது எல்லாம் உண்டு. அதே ‘மேற்கு நோக்கிய பயண’த்தில் வரும் குரங்கு அரசன் சுன் வூகோங்கை அடக்க முடியாமல் வானுலகம் குதிரை லாயத்தில் ஒரு வேலை கொடுக்கிறது. குதிரைகளை ராப்பகலாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறான். அரை மாதம் கழித்து ஒரு விருந்தில் சக ஊழியர்களிடம் என் பதவி எந்தத் தரம் என்று கேட்கிறான். தரமே கிடையாது என்கிறார்கள். அப்படியென்றால் மிக மிக உயர்ந்தது போலிருக்கிறது என்று நினைக்கிறான் அவன். கணக்கிலேயே சேராத அடிமட்டம் என்று விளக்குகிறார்கள். மேஜையைக் கவிழ்த்துவிட்டு வெளியேறுகிறான். வானத்துக்கு எதிரான அவனுடைய கலகம் இந்த அவமானத்தில் தொடங்குகிறது. வேலைக்குப் போன எவருக்கும் இது புரியும், பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கும் புரியும். நம் நாவலாசிரியர் இந்த அரசாங்கத்தைத் தூக்கிவிட்டுப் பளிங்குத் தூணும் பட்டுத் திரையும் வைத்துவிட்டார். எந்த நாட்டு அரண்மனையாகவும் அது இருக்கலாம். எல்லாம் முன்பே படித்த மாதிரி உங்களுக்குத் தோன்றியது இதனால்தான்.

அப்புறம், காதல் வந்ததால் கெட்டுப்போனது என்று நான் சொல்லமாட்டேன். டாங் காலத்தில் லி சாவ்வெய் எழுதிய ஒரு சிறுகதையில் இதே ஜிங் நதிக் குடும்பம் வருகிறது. தேர்வில் தோற்று ஊர் திரும்பும் லியூ யீ என்ற இளைஞன், வழியில் ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். டோங்டிங் ஏரி அரசனின் மகள் அவள், ஜிங் நதி வீட்டுக்கு மருமகளாக வந்து கொடுமைப்படுகிறவள். அப்பாவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறாள். தெய்வங்களுக்கு ஆடு எதற்கு என்று அவன் கேட்க, இவை ஆடுகள் இல்லை, மழை வேலையாட்கள் என்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான். கொம்பும் உடம்பும் ஆடுதான். பார்வையும் நடையும் மட்டும் வேறு.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் அவளுடைய சித்தப்பா சங்கிலியை அறுத்துக்கொண்டு பறக்கிறார். திரும்பி வந்தவரிடம் அண்ணன் கேட்கிறார். எத்தனை பேரைக் கொன்றாய்? ஆறு லட்சம். பயிருக்குச் சேதமா? எண்ணூறு லீ தூரத்துக்கு. அந்த நெஞ்சில்லாத மாப்பிள்ளை எங்கே? தின்றுவிட்டேன். இத்தனையும் செய்த சித்தப்பா குடித்துவிட்டு ‘இவளைக் கட்டிக்கொள்’ என்று மிரட்ட, அந்த ஏழை இளைஞன் எதிரே நின்று மறுக்கிறான். அவனுக்கும் அவள்மேல் ஆசைதான், ஆனால் மிரட்டலுக்குப் பணியமாட்டான். பல வருஷம் கழித்து அவளே மனிதப் பெண்ணாக அவனைத் தேடி வந்து மனைவியாகிறாள், தான் யார் என்பதைக் குழந்தை பிறந்த பிறகுதான் சொல்கிறாள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஆரம்பம் பிடித்தது, பாதியில் விட்டுவிட்டேன், இதனால் என்று. அவளுக்குப் பிடித்ததில் தவறே இல்லை, தலை வெட்டப்பட்ட அந்த அரசன் அவளையும் இழுத்திருக்கிறான். அம்மா ஒப்புக்குத் தலையாட்டினால் அவள் வயதுப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவளோடு சண்டை போடவும் தேவையில்லை. ஒரு ராத்திரி சாப்பிடும்போது எட்டுத் துளிக் கதையைச் சொல்லுங்கள், மறுநாள் ஆடுகளின் கதையை. அப்பா செய்தது குற்றமா என்று கேளுங்கள். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.