மதிலுக்கு முன் தண்ணீரின் வழியைப் பாருங்கள்

கேள்வி: மகள் பண்டாரவளைப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறாள். மருமகன் அங்கே 15 பேர்ச் சரிவுக் காணி வாங்கி, மேட்டை வெட்டிச் சமப்படுத்தி வீடு கட்டியிருக்கிறார். போன மாரியில் வீட்டின் பின்பக்க மண் கொஞ்சம் இடிந்து விழுந்தது. 2 மீற்றர் உயரத்தில் கொங்கிரீட் மதில் எழுப்பினால் பயமில்லை என்கிறார் மேசன். பணம் நாங்கள்தான் அனுப்ப வேண்டும். மதில் போதுமா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: அம்மா, பணத்தைக் கொஞ்சம் பொறுத்து அனுப்புங்கள். மதில் தேவைப்படலாம், ஆனால் அது முதல் வேலை இல்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த நமக்கு மழைத்தண்ணீர் செல்வம். வளவில் விழுந்தது வளவுக்குள்ளேயே இறங்கினால்தான் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் நிற்கும், கிணறு உவராகாது. ஆகவே கூரைத் தண்ணீரைக் குழிக்குள் விடுகிறோம், குளித்த தண்ணீரை வாழையடிக்கு விடுகிறோம். மலைச்சரிவில் இதே நல்ல பழக்கம்தான் ஆபத்து. அங்கே தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிட வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். வெப்ப நாடுகளில் வெயிலும் மழையும் காலங்காலமாகப் பாறையை உக்க வைத்து, சரிவின் மேல் தடித்த மண்போர்வை ஒன்றை உண்டாக்கியிருக்கின்றன. கசூரினாக் கடற்கரையில் பிள்ளைகள் ஈரமணலில் கோபுரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அளவான ஈரத்தில் கோபுரம் நிற்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் குலைந்துவிடும். மண்மணிகளுக்கு இடையில் நீர் நிரம்பினால் அது அவற்றை விலக்கித் தள்ளுகிறது, பிடிமானம் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, வீட்டுக்காக மேட்டை வெட்டியதில் மேலே நிற்கும் மண்ணின் காலையும் எடுத்துவிட்டோம்.

இனி மதிலுக்கு வருவோம். மலையகத்தில் ஒரு வீட்டின் பின்மதிலை விடிய விடிய மழை பெய்த மறுநாள் பார்த்தேன். நடுவில் வயிறு தள்ளி நின்றது. நீர் வடியவென்று விட்ட குழாய்த் துளைகளைப் பூசும்போது சீமெந்தால் அடைத்திருந்தார்கள். 2 மீற்றர் மதிலின் பின்னால் தண்ணீர் முழுதாக நிரம்பினால், அதன் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 2 தொன் விசையுடன் தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேல். எனவே மதிலின் பின்னால் கல்லும் சல்லியும் நிரப்பி, வடிகுழாய்களைத் திறந்தே வைக்க வேண்டும். கம்பிவலைக்குள் கல் அடுக்கிக் கட்டும் சுவர் சில இடங்களில் இதைவிட நல்லது. நீர் தானாகவே வடிந்துவிடும். எது பொருந்தும், எவ்வளவு ஆழத்தில் அத்திவாரம் என்பதைப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும். மேசனின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் மண்ணுக்குள் இருப்பது அவருக்கும் தெரியாது.

பணம் முதலில் போக வேண்டியது வாய்க்காலுக்கு. வெட்டிய மேட்டின் தலைக்கு மேலே, குறுக்காக, சீமெந்து பூசிய வாய்க்கால் ஒன்று போட்டு, மேலிருந்து வரும் நீரை வீட்டைச் சுற்றி ஓடையிலோ பொது வடிகாலிலோ சேர்க்க வேண்டும். அயலவர் காணிக்குள் திருப்பிவிடக் கூடாது. கூரைக்குப் பீலி அவசியம்: 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர் தண்ணீர் விழும். அது சுவரடியில் ஊறவே கூடாது. மலக்குழி மேட்டின் மேற்பக்கம் இருந்தால் இடம் மாற்றுங்கள். கரீபியன் தீவான சென் லூசியாவில் ஏழைக் குடியிருப்புகளில் இப்படியான வாய்க்கால்களையும் பீலிகளையும் ஊர்மக்களைக் கொண்டே அமைத்தார்கள்; பெரிய மதில்களுக்கு ஆகும் செலவு ஆகவில்லை. வெட்டுமுகத்தில் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் மேல்மண்ணைப் பிடிக்கும். ஆழத்தில் நகரும் மண்ணை நிறுத்தாது.

இவற்றுக்கெல்லாம் முன்னால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை பெற்றுத்தான் மருமகன் கட்டினாரா என்று கேளுங்கள். பெறவில்லையென்றால் பிரதேச செயலகம் மூலம் இப்போதாவது கேட்கட்டும். இருக்கத் தகாத இடம் என்று அறிக்கை வந்தால் எந்த மதிலும் வேண்டாம். இடம் மாறுவதுதான் வழி. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் பாதுகாப்பற்றது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மழையை அளந்து பார்ப்பதும் அவசியம். மகள் வீட்டில் நேர்ச்சுவருள்ள, அகன்ற வாய்த் தகரப்பேணி ஒன்று இருக்கும். உள்ளே அடியிலிருந்து 7.5 சென்ரிமீற்றரில் மஞ்சள், 10இல் செம்மஞ்சள், 15இல் சிவப்புக் கோடு போட்டு மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து வெறுமையாக்க வேண்டும். 24 மணி நேரத்தில் நீர் மஞ்சளைத் தொட்டால் விழிப்பு, செம்மஞ்சளில் மூட்டை கட்டல், சிவப்பில் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் மஞ்சளை எட்டினாலும் வெளியேற வேண்டும். அதிகாரிகள் போகச் சொன்னால் பேணியைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

மகளுடன் தொலைபேசியில் பேசும்போது இவற்றையும் கேளுங்கள்: பின்கதவு திடீரென்று இறுகுகிறதா? நிலத்தில் புது வெடிப்பு உண்டா? மரமோ மின்கம்பமோ சாய்ந்திருக்கிறதா? இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா, ஓடை கலங்கியோ சட்டென்று வற்றியோ போகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும், அன்றிரவு அந்த வீட்டில் படுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.