வாசகர் கேள்வி: வேட்டை வண்டி

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கிறேன். எல்க் மான் வேட்டை சீசனுக்காக 1991 டொயோட்டா பிக்கப் பார்த்திருக்கிறேன். 22ஆர்-இ பெட்ரோல் எஞ்சின், 4 வீல் டிரைவ், 2,60,000 மைல் ஓடியது. விலை மலிவு. வாங்கலாமா?

பதில்: எஞ்சினுக்கு முன் சேஸியை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தைப் பாருங்கள். பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸி வளையும் இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ துரு செதிலாக உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். அதை ஒட்டவைக்கும் செலவுக்கு வேறு வண்டியே வாங்கலாம்.

அடுத்தது டைமிங் செயின், எஞ்சினின் முன்பக்கம் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலி. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடு உடைந்திருக்கலாம். தளர்ந்த செயின் தன்னை மூடியிருக்கும் கவரை உரசி அறுத்து, அதற்குள் ஓடும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பாதையைத் துளைத்துவிடும். ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால் கூலன்ட் அதில் கலந்திருக்கிறது என்று பொருள்; விலகிவிடுங்கள், பேரிங்குகளும் போயிருக்கலாம். வாங்கினால், சத்தம் இல்லாவிட்டாலும் செயினை மாற்றுங்கள். இரும்புத் தகடு பதித்த கைடு, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், புதிய கவர், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே வேலையில் முடியட்டும். சிலிண்டர் ஹெட்டின் முன்முனையில், தேங்கிய ஆயிலுக்கு அடியில் ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றாமல் கவரை நெம்பினால் கவர் விரிசல் விடும்.

டயருக்கு 31x10.50ஆர்15 (31 அங்குல உயரம், 10.5 அங்குல அகலம், 15 அங்குல ரிம்) போதும், வண்டியின் உயரத்தைக் கூட்ட வேண்டாம். கல்பாதையில் காற்றை 20 பிஎஸ்ஐ வரை குறைக்கலாம். தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்ப ஒரு கம்ப்ரஸர் கட்டாயம்.