தடுப்பூசி முகாமில் 'மிச்ச மருந்து' யாருக்கு?

கேள்வி: திருவையாறு பக்கம் ஒரு ஊராட்சி எங்களுடையது. 2021-இல் கொரோனா தடுப்பூசி முகாமுக்கு 100 டோஸ் வந்தது. விடியற்காலை 5 மணிக்கே வந்து நின்றவர்களில் பலர் ஊசி போடாமல் திரும்பினார்கள். மதியம் வந்த சிலரோ பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வழியாகப் போய்ப் போட்டுக்கொண்டார்கள். கேட்டதற்கு "மிச்ச மருந்து" என்றார்கள். இப்போது ஊரில் இன்னொரு முகாம் போடப்போகிறார்கள். கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் இளைஞர் மன்றத்துக்கு வந்திருக்கிறது. தகராறில்லாமல் எப்படி நடத்துவது? மிச்ச மருந்தை வேறு யாருக்காவது போடுவது தவறா?

பதில்: மிச்ச மருந்திலிருந்தே தொடங்கலாம், உங்கள் ஊர்த் தகராறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 டோஸ், ஒரு டோஸ் 0.5 மி.லி. குப்பியைத் திறந்த நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் கொட்ட வேண்டியதுதான். 73 பேர் வந்தால் 8 குப்பி திறந்தாக வேண்டும், 7 டோஸ் மிஞ்சும். அந்த ஏழையும் தகுதியுள்ள யாருக்காவது போடுவதில் தவறே இல்லை, கொட்டுவதுதான் தவறு. ஆனால் உங்கள் ஊரில் வாசலில் ஆள் நின்றுகொண்டிருந்தது. வரிசையில் ஒருவர் நிற்கும்வரை மிச்சம் என்று ஒன்று கிடையாது.

இந்தச் சொல்லுக்குள் ஒளிவது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், சீனாவின் சினோபார்ம் தடுப்பூசி ஆய்வுக்காகக் கூடுதலாக வந்த டோஸ்களை முன்னாள் அதிபர் மார்ட்டின் விஸ்கார்ரா உட்பட 487 பேர் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டது 2021 பிப்ரவரியில் அம்பலமானது.

எனவே முதல் வேலை, காத்திருப்போர் பட்டியல். 100 டோக்கன் என்றால் அதற்கு மேல் 20 பேரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வரிசை எண்ணோடு முதல் நாளே எழுதிவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடியவர்களாக இருக்க வேண்டும். கடைசிக் குப்பியைத் திறக்கும் முன் செவிலியர் ஆள் எண்ணுவார். குறைகிற எண்ணிக்கைக்குப் பட்டியலின் முதல் எண்ணிலிருந்து அழையுங்கள். எடுக்காதவர் பெயருக்கு எதிரே அழைத்த நேரத்தைக் குறித்துவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். நேரம் எழுதாத பட்டியல் நாளைக்கு உங்களைக் காப்பாற்றாது.

எந்தத் தடுப்பூசி வரப்போகிறது என்பதையும் கிராம சுகாதார செவிலியரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டம்மை-ரூபெல்லா மருந்து கலக்கிய 4 மணி நேரத்தோடு சரி. குழந்தைகளுக்கு ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் போன்றவற்றைத் திறந்த பின்னும், குளிர்ச்சி கெடாமல் வைத்திருந்தால், 28 நாள் வரை பயன்படுத்தலாம். அந்த வகையில் "வீணாகிவிடுமே, அதனால் இவருக்குப் போட்டோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்று: குப்பியில் மருந்து சற்றுக் கூடுதலாகவே நிரப்பப்பட்டிருக்கும். கை தேர்ந்த செவிலியர் 11-ஆவது டோஸும் எடுத்துவிடுவார். 2021 மே மாதம் கேரளம் தனக்கு வந்த 73.38 லட்சம் டோஸில் 74.26 லட்சம் ஊசி போட்டதாகக் கணக்குக் காட்டியது இப்படித்தான். ஆகவே 100 டோஸ் வந்த இடத்தில் 104 பேருக்குப் போட்டிருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். அந்த நான்கு பேரும் பட்டியலிலிருந்து வந்தவர்களா என்று மட்டும் பாருங்கள். ஆனால் இரண்டு குப்பிகளின் அடிமிச்சத்தைச் சேர்த்து ஒரு டோஸ் ஆக்கக் கூடாது.

அடுத்தது டோக்கன். வரிசை தாண்டுவது வாசலில் நடப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் முந்தின நாள் இரவே, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில், பத்துப் பன்னிரண்டு டோக்கன் ஒதுங்கிவிடுகிறது. இதைத் தடுக்க எளிய வழி, எண் விடுபடாத டோக்கன். 1 முதல் 100 வரை அடித்து, முகாம் பெயரும் தேதியும் போட்டு, அடிக்கட்டையோடு கொடுங்கள். எந்தத் தெருவுக்கு எந்த எண் என்பதை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள்: கீழத்தெரு 1 முதல் 22, காலனி 23 முதல் 51 என்று. செவிலியரிடம் உள்ள தகுதியானோர் பட்டியலில் ஒவ்வொரு தெருவுக்கும் எத்தனை பேரோ, அந்த விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். கடைசியில் 88 முதல் 100 வரை எந்தத் தெருவுக்கும் எழுதப்படாமல் இருந்தால், சிபாரிசுக்கு எடுத்து வைத்தது அந்தப் பதின்மூன்றுதான் என்று படிக்கிற பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

டோக்கன் கொடுக்கும் இடம் கோயில் மண்டபமோ தலைவர் வீடோ வேண்டாம். சிலர் அங்கே வரத் தயங்குவார்கள், சிலரை வரவிட மாட்டார்கள், நமக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத் தாழ்வாரமோ ரேஷன் கடை வாசலோ பரவாயில்லை. காலனியில் ஒரு முறை தனியாகப் போய்க் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

நம் காவிரி டெல்டாவில் நேரமும் ஒரு பாரபட்சம். நடவு, களையெடுப்பு நாட்களில் பெண்கள் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள். திரும்ப மதியம் தாண்டும். காலை வரிசை என்றால் வேலைக்குப் போகாதவர்களுக்கே ஊசி. யாரும் குறுக்கே புகாமலேயே அநியாயம் நடந்துவிடும். கொரோனா முகாமுக்கான வழிகாட்டுதலில் ஓர் அமர்வுக்கு 100 பேர் என்றுதான் இருந்தது. 9 மணி முதல் 4 மணி வரை என்று வைத்தால் மணிக்கு 14, 15 பேர். டோக்கனிலேயே நேரத்தை எழுதி, 2 மணிக்குப் பிந்தைய எண்களை விவசாயக் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார வைப்பதாக இருந்தால் எந்த நேரமும் ஏழெட்டுப் பேர் கண்காணிப்பில் இருப்பார்கள். துணைக்கு வருபவர்களுக்கும் சேர்த்து 15 நாற்காலி போதும்.

முன்னால் விட வேண்டியவர்களும் உண்டு: நிற்க முடியாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள். இவர்களை விடுவதால் யாரும் சண்டைக்கு வருவதில்லை, முன்பே சுவரில் எழுதியிருந்தால். இரண்டாம் தவணைக்காரர்களுக்குத் தனி எண் கொடுங்கள். கோவிஷீல்டுக்கு இடைவெளி முதலில் 4 முதல் 6 வாரம், பிறகு 6 முதல் 8, 2021 மே மாதம் 12 முதல் 16 வாரம் என்று மாறியது. இரு தவணையும் ஒரே வரிசையில் நின்றால், நாள் ஆகாதவரைத் திருப்பி அனுப்புவதற்குள்ளேயே அரைநாள் போய்விடும்.

முகாம் நாளில் பின்வாசலைப் பூட்டுங்கள்; அவசரத்துக்குத் திறக்கச் சாவி மருத்துவக் குழுவிடம் இருக்கட்டும். டோக்கன் பார்க்க இரண்டு பேர், வெவ்வேறு தெருக்காரர்கள். சிபாரிசுப் போன் செவிலியர் கைக்குப் போகக் கூடாது. "வெளியில் கேளுங்கள்" என்று சொல்லும் வசதியை அவருக்குச் செய்து கொடுங்கள். வாசலில் ஒரு கரும்பலகை: வந்த குப்பி, திறந்த குப்பி, போட்ட ஊசி, வீணான டோஸ். மணிக்கு ஒரு முறை மாற்றி எழுதுங்கள்.

பழைய முகாமின் கணக்கு வேண்டுமென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெயர்ப் பட்டியல் கேட்டால் அந்தரங்கத் தகவல் என்று மறுக்க வழியுண்டு. அந்தத் தேதியில் வந்த குப்பி, திறந்தது, போட்டது, திருப்பியது, வீணானது என்று எண்களை மட்டும் கேளுங்கள். நடக்கிற முகாமில் குறை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கு அழைக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

மருந்து தீர்ந்து, டோக்கன் வாங்கிய சிலர் நின்றுவிட்டால் டோக்கனைத் திரும்ப வாங்காதீர்கள். அதன் பின்புறம் "அடுத்த முகாமில் முதலில்" என்று எழுதி, செவிலியர் கையெழுத்தோடு அவர்களிடமே கொடுத்து அனுப்புங்கள். அடிக்கட்டை உங்களிடம் இருக்கட்டும்.